மலசலகூடம் கட்டிக்கொடுத்தால் வயிற்றோட்டம் குறையுமா?

“எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மலசலகூடம் கட்டியாயிற்று. பிறகும் மாரியில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஏன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டடம் மட்டும் போதாது. திருகோணமலைக் கரையோரத்தையே பாருங்கள்: மணல் தரை, ஆழமில்லாத கிணறு. ஆவணியில் கயிறு முழுக்க இறக்கி அள்ளும் கிணற்றில், மார்கழியில் குனிந்தே வாளியால் மொண்டுவிடலாம். நிலத்தடி நீர் அவ்வளவு ஏறும்போது மலக்குழியின் அடியும் அதற்குள் மூழ்கிவிடும். கிருமி மணலுக்குள்ளால் கிணற்றுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் 50 அடி இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். பத்துப் பேர்ச் காணியில் அதற்கு எங்கே போவது? நம் குழி தள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழி நம் கிணற்றோடு ஒட்டியிருக்கும்.

மலசலகூடம் கட்டிக்கொடுக்கும் திட்டம் பற்றி இந்தியாவின் ஒடிசாவில் 100 கிராமங்களில் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. திட்டம் நடந்த கிராமங்களில் மலசலகூடமுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆக உயர்ந்தன. பிள்ளைகளின் வயிற்றோட்டம் குறையவில்லை. பலர் வெளியிலேயே போனார்கள். பிரேசிலின் சல்வடோர் நகரில் கதை வேறு. நகரெங்கும் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள், சிறு பிள்ளைகளின் வயிற்றோட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. குழாய் மலத்தைக் குடியிருப்பைவிட்டே கொண்டுபோய்விடுகிறது. குழி அதை வீட்டோடு வைத்திருக்கிறது.

அப்புறம், கைக்குழந்தையின் மலம். பால்குடிப் பிள்ளைதானே என்று வேலியோரம் கொட்டிவிடுவோம். அதிலும் கிருமி உண்டு. மலசலகூடத்தில் ஊற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இந்த மாரிக்குக் கொதித்தாறிய நீர்தான். வெள்ளம் வடிந்ததும் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேட்டுக் கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள்.