திண்டுக்கு முக்கால் மார்க்

கேள்வி: 'போல்ஸ்டர்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என் மகள் பரீட்சையில் 'தலையணை வைத்தல்' என்று பொருள் எழுதினாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு 'வலுப்படுத்துதல்' என்று சிவப்பு மையில் எழுதி, பூஜ்யம் போட்டுவிட்டார். எது சரி? அந்தச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: முதலில் என் சார்பில் உங்கள் மகளுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள். ஒரு மார்க் கேள்வி என்றால் முக்கால் மார்க் அவளுக்கு உண்டு. கால் மார்க்கைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அது தலையணை இல்லை, திண்டு.

தலைக்கு வைப்பது தலையணை. உருளையாக, நீளமாக, பஞ்சைத் திணித்து, முதுகுக்கோ விலாவுக்கோ அண்டக் கொடுப்பது திண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பிட்டுவிட்டு ஜமக்காளத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து, வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, 'ரசத்தில் உப்பு ஒரு கல் கம்மி' என்று தீர்ப்புச் சொல்வாரே, அப்போது அவர் முழங்கைக்கு அடியில் கிடக்கும் வஸ்துதான் போல்ஸ்டர். (இப்போது திண்டு என்று கேட்டால் கடையில் ஃபோமுக்கு உறை போட்டுக் கொடுக்கிறார்கள். சாய்ந்தால் அது நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. போடி இலவம்பஞ்சைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே அளவுக்கு மேல் புலம்பியாகிவிட்டது, விடுங்கள்.)

ஆங்கிலேயர்களுக்கும் இது பழைய வஸ்துதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அவர்களுடைய 'பியோவுல்ஃப்' காவியத்தில் வீரர்கள் விருந்து முடித்து, மண்டபத்திலேயே மெத்தையும் போல்ஸ்டரும் விரித்துப் படுக்கிறார்கள். அச்சு அசல் நம் கல்யாண மண்டபம். ஒரே வித்தியாசம், அன்று ராத்திரி ஒரு அரக்கி வந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். நம் மண்டபங்களில் செருப்பு மட்டும்தான் போகும்.

இந்தத் திண்டு பிற்பாடு வினைச்சொல் ஆனது. திண்டு கொடுத்துத் தாங்கினால் போல்ஸ்டர். இதில் ஒரு விஷமம் ஒளிந்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்குத் திண்டு எதற்கு? அரசாங்கம் பொருளாதாரத்தை போல்ஸ்டர் செய்கிறது என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதினால், பொருளாதாரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆசிரியையின் 'வலுப்படுத்துதல்' தப்பில்லைதான். ஆனால் அதில் இந்தச் சாய்மானம் தெரியவில்லை.

அமெரிக்க வக்கீல்களுக்கு இந்த விஷமம் நன்றாகத் தெரியும். அங்கே கோர்ட்டில் 'போல்ஸ்டரிங்!' என்று எழுந்து ஆட்சேபிக்கலாம். தான் அழைத்துவந்த சாட்சியை எதிர்த்தரப்பு இன்னும் தொடக்கூட இல்லை, அதற்குள் ஒரு வக்கீல் 'இவர் பொய்யே பேசாத மனிதர்' என்று சான்று கொண்டுவரக் கூடாது. முதலில் நாணயத்தின் மேல் அடி விழவேண்டும், அப்புறம்தான் திண்டு. அவர்களுடைய ஃபெடரல் சாட்சிய விதிகளில் 608-ஆவது விதி இதைச் சொல்கிறது. நம் ஊர் டிவி விவாதங்களுக்கு அந்த விதியை இறக்குமதி செய்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. தலைவரை யாரும் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார்கள், இவர் வந்து உட்கார்ந்ததுமே முட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

பாருங்கள், சொல் தானாக வந்துவிட்டது. முட்டுக் கொடுப்பது! போல்ஸ்டருக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு தமிழ் கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: சாயும் சுவருக்குக் கொடுப்பது முட்டு, ஓடும் தேருக்குப் போடுவது முட்டுக்கட்டை. கட்டை ஒன்றுதான், வேலை நேர் எதிர். மகள் அடுத்த பரீட்சையில் 'முட்டுக்கட்டை போடுதல்' என்று எழுதிவைத்தால் நான் பொறுப்பில்லை.

இத்தனை சொற்கள் இருந்தும் நம் நாளிதழ்களுக்கு எல்லாமே 'பலப்படுத்தப்பட்டுள்ளது'தான். என் அலுவலக உதவி ஆசிரியர் ஒருவருடன் பல வருஷமாக இதே சண்டை. அமைச்சர் வந்தால் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டுள்ளது, மழை வந்தால் கரை பலப்படுத்தப்பட்டுள்ளது, கூட்டணியும் பலப்படுத்தப்பட்டுள்ளது. மூன்றுக்கும் ஒரே சிமென்ட்!

சரி, பயன்பாடு. போல்ஸ்டர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவற்றோடு வரும்: நம்பிக்கை, வாதம், மனத்தெம்பு, பிம்பம். வீட்டுச் சுவரை போல்ஸ்டர் செய்தேன் என்றால் ஆங்கிலக் காதுக்குக் கொஞ்சம் உறுத்தும். கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பதற்கும் படைக்கு உதவியாக இன்னொரு படை அனுப்புவதற்கும் ரீஇன்ஃபோர்ஸ். ஊரைச் சுற்றி மதில் கட்டினால் ஃபார்ட்டிஃபை. அதற்கு 'அரண்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்ப்பதற்கும் அதே ஃபார்ட்டிஃபைதான். நல்லவேளையாக யாரோ புத்திசாலி அதை 'அரண் செய்யப்பட்ட அரிசி' என்று மொழிபெயர்க்காமல் 'செறிவூட்டப்பட்ட அரிசி' என்றார். அவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் ஒரு சாக்லேட்.

இன்னொரு போல்ஸ்டர் இருக்கிறது. அது பெரம்பூரில். 1955-இல் அங்கே தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வழக்கமான பெட்டிகளுக்கு அடியில், முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்கும் 'போகி' என்ற சட்டம் ஒவ்வொன்றிலும், குறுக்காக ஒரு கனமான உத்தரம் இருக்கும். கீழே சுருள்வில்கள், மேலே நாம் உட்கார்ந்திருக்கும் பெட்டி. மொத்த எடையும் இந்த உத்தரத்தின் மேல்தான் சாய்ந்திருக்கிறது. ரயில்வேக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் போல்ஸ்டர். ஸ்லீப்பர் கிளாஸில் தலையணை தருவதில்லை என்று இனி யாராவது குறைப்பட்டால் நம்பாதீர்கள். பெட்டிக்கு இரண்டு திண்டு வைத்திருக்கிறார்கள், இரும்பில்.