வாத்தியாரைக் கேளுங்கள்: ப்ளஸ் ஒன்னிலேயே கல்லூரி தேட வேண்டுமா?

கேள்வி: பையன் இப்போதுதான் ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்ஜினீயரிங்தான் என்கிறான். "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் என் கணவர். இப்போதே கல்லூரி தேட வேண்டுமா ஐயா?
- ஒரு தாய், புதுக்கோட்டை

பதில்: தேடுங்கள் அம்மா. ரிசல்ட் வந்த பிறகு வீட்டில் ஆளுக்கொரு பக்கம் சான்றிதழுக்கு அலைவார்கள். கல்லூரியைப் போய்ப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? 31 வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கவுன்சலிங் சமயத்தில் எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு லிஸ்ட் போட உதவுகிறேன். தான் போடுகிற கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாமல் வருகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

முதலில் கட் ஆஃப், அதாவது கவுன்சலிங்கில் இடம் கொடுக்கப் பார்க்கிற மார்க். கணக்கு 100-க்கு, பிஸிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு, மொத்தம் 200. கணக்கில் 92, பிஸிக்ஸில் 84, கெமிஸ்ட்ரியில் 88 வாங்கினால் 92 + 42 + 44 = 178. கணக்கில் விட்ட ஒரு மார்க் முழுசாகப் போகும், மற்ற இரண்டில் விட்டது பாதியாகப் போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கும் தமிழ் மார்க்கும் இந்தக் கூட்டலில் வராது. அதைக் கேட்டுப் பையன் தமிழ்ப் புத்தகத்தை மூடிவிடப் போகிறான்; அதில் ஃபெயில் ஆனால் இந்தக் கூட்டலுக்கே வேலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

போன வருடங்களில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எவ்வளவு கட் ஆஃப் வரை இடம் போனது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பையன் கைப்படவே எழுதட்டும்.

அப்புறம் நேரில் போங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்ன நான், என் மூத்த மகனுக்குப் பேப்பரில் வந்த முழுப்பக்க விளம்பரத்தைப் பார்த்துக் கல்லூரி எடுத்தேன். மெக்கானிக்கல். மூன்றாம் வருடம் ஃபீஸ் கட்டப் போன அன்றுதான் அந்த ஒர்க் ஷாப்புக்குள் நுழைந்தேன். ஆறு லேத் மெஷின், அதில் நான்கு பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் நின்றன. உறை மேல் தூசி, தூசியில் எவனோ விரலால் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். அந்தக் கல்லூரியில் ஏசி பஸ் மட்டும் டாண் என்று நேரத்துக்கு வரும்.

அதனால் விழா நாளில் போகாதீர்கள், சாதாரண செவ்வாய், புதன்கிழமையில் போங்கள். அனுமதி கேட்டு லேப் பாருங்கள். ஆபீஸில் பேசுவதைவிட, கேன்டீனில் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? இந்த வருடம் எத்தனை வாத்தியார் மாறினார்கள்?" மறைக்கத் தெரியாத வயது, சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். இப்போது ப்ளஸ் டூ. எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை. ஒரு ஏஜென்ட், "மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன், முதல் பட்டதாரி சலுகையும் உண்டு" என்கிறார். நம்பலாமா?
- மாணவி, அறந்தாங்கி

பதில்: நம்பாதே தாயி. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. உனக்கு அதைவிடப் பெரிய கதவு திறந்திருக்கிறது. ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங்கிலும் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஆறிலிருந்து எந்தெந்தப் பள்ளி என்பதற்குச் சான்று கேட்பார்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இப்போதே போய் வாங்கி வை. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கும் இ-சேவை மையத்தில் மே மாதக் கூட்டத்துக்கு முன்பே போய்விடு.

கேள்வி: பி.எஸ்சி. பிஸிக்ஸ் படிக்கிறேன் என்றால் சித்தப்பா சிரிக்கிறார்.
- மாணவன், திருவாரூர்

பதில்: சிரிக்கட்டும். நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் பிஸிக்ஸ் படித்தவர்கள்தான். அரசு கலைக் கல்லூரியில் கட்டணமும் கையைக் கடிக்காது. டிகிரி முடிக்கும்போது 'ஜாம்' (JAM) என்கிற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். ஐசர் (IISER) என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனம் போன்ற இடங்களுக்கு ப்ளஸ் டூ முடித்ததுமே தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் பிஸிக்ஸ் பிடிக்கிறதா, கெமிஸ்ட்ரி பிடிக்காததால் பிஸிக்ஸா, இதை மட்டும் நீயே யோசித்துக்கொள்.

கேள்வி: கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கில், நம் கட் ஆஃபுக்குக் கிடைக்கிற கல்லூரியைத்தான் மேலே போட வேண்டுமாமே?
- ஒரு தந்தை, மணப்பாறை

பதில்: யார் கிளப்பிவிட்டார்களோ, வருடா வருடம் இந்தக் கேள்வி வருகிறது. லிஸ்ட்டை மேலிருந்துதான் பார்ப்பார்கள். உங்கள் முறை வரும்போது முதலாவது காலியாக இருந்தால் அது, இல்லையென்றால் இரண்டாவது. கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அரைமனதாக ஒன்றை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், அந்தச் சுற்றில் கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆசைப்படுகிற வரிசையிலேயே போடுங்கள்.

பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் கல்லூரியிலும் அது இருக்கும், கட்டணம் வேறு. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உண்டு, அதனால் பெயரை நம்பாமல் ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கோடு (code) எண்ணைப் பாருங்கள். நீங்கள் நோட்டைப் பார்த்து எண்ணை உரக்கப் படியுங்கள், பையன் ஸ்கிரீனில் சரிபார்க்கட்டும். எங்கள் சென்டரில் ஒரு பெண் அப்படிச் சரிபார்த்தபோதுதான், கோயம்புத்தூர் என்று நினைத்துப் போட்ட கல்லூரி நாமக்கல் பக்கம் இருப்பது தெரிந்தது. நல்லவேளை, லிஸ்ட்டை மாற்ற இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.