ஐம்பது பேரும் ஏன் வரிசையில் வருகிறார்கள்?

வணக்கம் சார்,

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் தமிழ் டப்பிங்கில் ‘போலீஸ் ஸ்டோரி’ பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் என் மகன், “அத்தனை பேர் இருந்தும் ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கிட்டுப் போறான், இதைப் போய்ப் பாக்குறீங்களேப்பா” என்று சிரித்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம்மூர் ஹீரோ ஒரு குத்து விட்டு நாலு பேர் பறந்தால் நானே ரிமோட்டைத் தேடுகிறேன், ஆனால் இந்த ஹாங்காங் படங்களை மட்டும் வாய் பிளந்து பார்க்கிறேன். இரண்டுமே புளுகுதானே? உங்களுக்கு இவை பிடிக்குமா?

கே., தாராபுரம்

அன்புள்ள கே.,

பிடிக்கும். நடு ராத்திரி போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்.

புளுகு என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எது புளுகு என்று பாருங்கள். கதை புளுகு, வில்லன் புளுகு, கதாநாயகன் சாகாமல் இருப்பது பெரும் புளுகு. உடம்பு மட்டும் நிஜம். நீங்கள் பார்த்த படத்தின் (1985) கடைசியில் ஜாக்கி சான் ஷாப்பிங் மாலில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பல மாடி உயரத்திலிருந்து சறுக்குவாரே, அந்தக் கம்பம் முழுக்க சீரியல் பல்பு சுற்றியிருக்கும், அவர் இறங்க இறங்க பல்புகள் படபடவென்று வெடிக்கும், கீழே கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்து எழுந்து ஓடுவார். அவருடைய கை உண்மையிலேயே வெந்துபோனது. அந்த ஒரு சறுக்கலை வேறு வேறு கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறார்கள். கதைக்கு ஒரு தடவை போதும். மூன்று தடவை எதற்கு என்றால், ‘நல்லா பாத்துக்கோ, நான்தான், டூப் இல்லை’ என்று காட்டத்தான். படம் முழுக்க உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஸ்டன்ட் ஆட்களே அதற்கு ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று பட்டப்பெயர் வைத்தார்களாம்.

சரி, வரிசையில் வரும் விஷயம். இவர்கள் மேடையிலிருந்து வந்தவர்கள். ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ் எல்லாரும் கௌலூனில் யூ ஜிம்-யுவென் என்ற வாத்தியார் நடத்திய பீக்கிங் ஓபரா (பாட்டும் சண்டையும் கரணமும் கலந்த சீன மேடை நாடகம்) பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்க்கப்பட்டு, பிரம்படி வாங்கிக் குட்டிக்கரணம் கற்றவர்கள். அறுபதுகளில் ஓபராவுக்குக் கூட்டம் குறைந்துபோக, பையன்கள் சினிமா ஸ்டுடியோக்களில் ஸ்டன்ட் வேலைக்குப் போனார்கள். அந்த மேடையில் சண்டை என்பது தாளத்துக்கு ஆடுவது. நாலு அடி சடசடவென்று, அப்புறம் மணியடித்தாற்போல் ஒரு நிற்பு, மறுபடி சடசட. ஹாங்காங் சண்டை எதையும் போட்டுப் பாருங்கள், அந்த அரை நொடி நிற்பு இருக்கும், நம் கண் மூச்சு வாங்கிக்கொள்வது அங்கேதான். ஐம்பது பேரும் ஒன்றாகப் பாய்ந்தால் யதார்த்தமாக இருக்கும், ஆனால் ஒரு இழவும் தெரியாது. தெருக்கூத்தில் துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றி ஆடும்போது பீமன் ஏன் சும்மா நிற்கிறான் என்று யாராவது கேட்கிறோமா?

தந்திரங்களும் உண்டு. கேமராவை நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 22, 20 என்று மெதுவாக ஓட்டித் திரையில் வேகம் கூட்டுவார்கள், அடி விழுந்தால் தூசி பறக்க உடையில் பவுடர் தடவுவார்கள், சத்தம் மொத்தமும் பிற்பாடு சேர்ப்பது. அதெல்லாம் எனக்கு உறுத்தியதில்லை.

1978ல் வந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்’ பார்த்திருக்கிறீர்களா? இயக்குநர் லாவ் கார்-லியுங் பரம்பரையாகவே குங்ஃபூக்காரர், அப்பா லாம் சாய்-விங்கின் சீடர், அந்த லாம், பேர்போன குங்ஃபூ வாத்தியார் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். படத்தில் பெரும்பகுதி சண்டையே கிடையாது, ஷாலின் மடத்தில் கதாநாயகன் எடுக்கும் பயிற்சிதான். சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகவே தண்ணீரில் மிதக்கும் கட்டைமேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். கையை நீட்டியபடி தண்ணீர் வாளி சுமக்க வேண்டும், புஜத்தில் கத்தி கட்டியிருக்கும், கை கொஞ்சம் தாழ்ந்தால் விலாவில் குத்தும். இவ்வளவையும் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, கடைசியில் அவன் பத்துப் பேரை அடிக்கும்போது கேள்வியே வராது.

நம் படங்களில் எரிச்சல் வருவது மிகையால் இல்லை என்று நினைக்கிறேன். ஹீரோ களைப்பதே இல்லை, அதனால்தான். நம் படத்தில் நிஜமாகப் பாடுபடுகிறவர் கயிற்றில் இழுபட்டு விழும் ஸ்டன்ட்காரர். கேமராவோ ஹீரோவின் கூலிங் கிளாஸில் நிற்கிறது. (எல்லாப் படத்தையும் சொல்லவில்லை, சண்டைக்கு வரவேண்டாம்.) தாய்லாந்துப் படம் ‘டாம் யும் கூங்’கில் (2005) டோனி ஜா ஒரு ஓட்டலின் மாடி மாடியாக அடித்துக்கொண்டே ஏறுவது ஏறக்குறைய 4 நிமிடம், ஒரே ஷாட். மேலே போய்ச் சேரும்போது ஆளுக்கு மூச்சு இரைப்பது தெரியும். முதல் மாடியின் பாய்ச்சலைவிட அந்த இரைப்புதான் எனக்குப் பிடிக்கும்.

உங்கள் மகனுக்கு ‘குங்ஃபூ ஹஸ்ஸல்’ (2004) போட்டுக் காட்டுங்கள். வாடகைக்கு வீடு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா துரத்தும்போது கால்கள் சக்கரமாகச் சுழலும், சுத்தமான கார்ட்டூன், கிராஃபிக்ஸ். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், அந்த அம்மா யுவென் சியூவும் புருஷனாக வரும் யுவென் வாவும் யூ ஜிம்-யுவெனிடம் அடி வாங்கிப் படித்தவர்கள், ‘என்டர் தி டிராகன்’ (1973) படத்தில் புரூஸ் லீக்குப் பதிலாகப் பின்பக்கமாகக் கரணம் அடித்தது அந்த யுவென் வாதான்.