ஏணிக்கு பின்கோடு கிடையாது

கேள்வி: செமா மதோஸ்னு ஒரு ஸ்பெயின் போட்டோகிராபர். கண்ணாடி மேல ஏணியை சாய்ச்சு வச்ச அவரோட கறுப்பு வெள்ளை படம் ஒண்ணு பாத்தேன். ஏணின்னா ஆன்மிக வளர்ச்சி, கண்ணாடின்னா சுயம்னு என் நண்பர் அடிச்சுச் சொல்றார். எனக்கு அப்படித் தோணவே இல்ல. அந்தப் படத்தோட உண்மையான குறியீடுதான் என்ன?
- ஒரு வாசகர், தேனி

பதில்: குறியீடா? முதல்ல உங்க குறியீட்டைச் சொல்லுங்க சார். கவர்ல அட்ரஸை முத்து முத்தா எழுதிட்டு கீழ 62553ன்னு அஞ்சு நம்பரோட நிறுத்திட்டீங்களே, ஆறாவது எங்க போச்சு? 1972 ஆகஸ்ட் 15லேர்ந்து தபால்காரங்க ஆறு நம்பர்தான் கேக்கறாங்க, அதுக்குத் தமிழ்ல பேரே அஞ்சல் குறியீட்டு எண். முதல்ல 6 இருந்தா தமிழ்நாடு கேரளா பக்கம், 625ன்னா மதுரை வட்டாரம், கடைசி மூணு நம்பர்தான் எந்த போஸ்ட் ஆபீஸ்னு சொல்லும். இதுதான் சார் குறியீடு. ஒரு நம்பர், ஒரு ஆபீஸ், தகராறே கிடையாது.

உங்க நண்பர் படத்துகிட்ட கேக்கறதும் இந்த பின்கோடைத்தான். ஏணின்னு எழுதிப் பெட்டியில போட்டா ஆன்மிகம் வீட்டுக்கு டெலிவரி ஆயிடணும். பறவைன்னா சுதந்திரம், கூண்டுன்னா அடிமைத்தனம், மெழுகுவர்த்தின்னா தியாகம், இப்படி ஒரு லிஸ்டை யாரோ எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்திருக்காங்க. குறியீடு சொல்றதும் குறி சொல்றதும் ஒரே குடும்பம்னு நான் இருபது வருஷமா இந்தப் பக்கத்துல எழுதிட்டு இருக்கேன், ஒருத்தரும் கேக்கல. குடுகுடுப்பைக்காரராவது நல்ல காலம் பொறக்குதுன்னு சொல்லிட்டு அரிசி வாங்கிட்டுப் போயிடுவார், நம்ம விமர்சகர் நாலு பக்கம் எழுதிட்டு சன்மானம் கேப்பார்.

விமர்சகர்னு சொன்னதும் அந்த செருப்பு விவகாரம் ஞாபகம் வருது. பழைய வாசகர்கள் மன்னிக்கணும், புதுசா வந்தவங்களுக்காக இன்னொரு தடவை. ஒரு இதழுக்கு அட்டையில கடற்கரை மணல்ல ஒரு ஜோடி செருப்பு கிடக்கற போட்டோ போட்டோம். பிரஸ்ல கட்டிங் மெஷின்ல கொஞ்சம் தள்ளி வெட்டி இடது செருப்பு மொத்தமா போயிடுச்சு, ஒத்தைச் செருப்போட இதழ் கடைக்கு வந்துடுச்சு. நான் பிரஸ்காரரோட சண்டை போட்டுட்டு இருக்கும்போது ஒரு பெரிய விமர்சகர்கிட்டேர்ந்து நாலு பக்கக் கட்டுரை. ஒத்தைச் செருப்பு பிரிஞ்சு போன துணையாம், நாடு இழந்தவனோட பாதி உடம்பாம், காணாத இடது செருப்பு இடதுசாரி அரசியலோட வீழ்ச்சியாம். சத்தியமா சொல்றேன், அருமையா எழுதியிருந்தார், நானே ரெண்டு இடத்துல கண் கலங்கிட்டேன். அப்படியே போட்டேன், கீழ ஒரே ஒரு வரி மட்டும் சேத்தேன்: இன்னொரு செருப்பு பிரஸ்ல குப்பைக்கூடையில இருக்கு, வேணுங்கறவங்க வந்து வாங்கிக்கலாம்னு. அன்னியிலேர்ந்து பேச்சு இல்ல. புத்தகக் கண்காட்சியில என்னைப் பாத்தா கேன்டீன் வழியா சுத்திட்டுப் போறார். வெட்டின மெஷின்தான் நிஜமான குறியீடுன்னு இப்ப சொல்லிட்டுத் திரியறதா கேள்வி. ராத்திரி தூக்கம் வராதப்போ அதுவும் சரிதானோன்னு தோணும், அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

சரி, செமாவுக்கு வருவோம். பேர்லயே செம இருக்கு பாருங்க. ஹோசே மரியாவைச் சுருக்கினா ஸ்பெயின்ல செமா, சுப்ரமணி சுப்பு ஆகற மாதிரி. 1958ல மாட்ரிட்ல பிறந்தவர். ஆரம்பத்துல அவர் படங்கள்ல ஆளுங்க இருந்தாங்க, 1990 வாக்குல ஆளுங்களை அனுப்பிட்டு பொருளுங்களை மட்டும் வச்சுகிட்டார். ரெய்னா சோஃபியா மியூசியத்துல 1999ல கண்காட்சி, 2000ல ஸ்பெயினோட தேசிய போட்டோகிராபி விருது, இதெல்லாம் நீங்க தேடினாலே கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேற. இவர் படத்துல கம்ப்யூட்டர் தில்லாலங்கடி கிடையாது. நினைச்ச பொருளை நிஜமாவே கையால செஞ்சு, மேஜை மேல வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிலிம்ல எடுக்கறவர்.

ஒரு படத்துல தெருவோர சாக்கடை மேல போடற இரும்புக் கம்பி மூடி, அந்தக் கம்பி இடுக்குல சாப்பாட்டுத் தட்டுங்க வரிசையா செருகி நிக்குது. அவ்வளவுதான் படம். இதைப் பாத்ததும் நுகர்வுக் கலாச்சாரம், கழிவு அரசியல்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உங்க வீட்டு சமையல்கட்டுக்குப் போய் சிங்க் பக்கத்துல இருக்கற தட்டு ஸ்டாண்டைப் பாருங்க. ரெண்டும் ஒரே சாமான் சார்! ரெண்டுலயும் கம்பி, ரெண்டுலயும் தண்ணி கீழ வடியும். இத்தனை வருஷமா ரெண்டையும் தினம் பாத்தும் நமக்குத் தெரியல, அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணுல பலகை மேல ஒரு தீக்குச்சி, அது மருந்துக்கு மேல மரத்தோட வரி சரியா தீ நாக்கு மாதிரி வளைஞ்சு போகுது. கலர்ல எடுத்திருந்தா வெறும் பழுப்புப் பலகைதான், ஏமாந்திருக்க மாட்டோம், கறுப்பு வெள்ளையில ரெண்டுக்கும் நிறமே இல்லாததால மரம் எரிய ஆரம்பிச்சுடுது. இதுக்கு என்ன பின்கோடு போடுவார் உங்க நண்பர்?

ஏணியும் அப்படித்தான். சுவத்துல ஒரு கண்ணாடி, ஏணியோட தலை அதுல முட்டி நிக்குது, பிம்பம் அந்தப் பக்கம் இறங்குது. இந்தப் பக்கம் ஏறி கண்ணாடியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிடலாம் போல இருக்கு, ஒரு செகண்ட் கால் தானா தூக்கும். அந்தக் கால் தூக்கல்தான் படம். ஆன்மிக வளர்ச்சின்னு சொன்னவர் ஏணியில ஏறவே இல்ல, கீழ நின்னு சொற்பொழிவு பண்ணிட்டு இருக்கார். அதுவும் ஏணின்னா ஏறறதுக்குன்னு மட்டும் யார் சொன்னது, இந்தப் படத்துல பாதி ஏணி இறங்குதே.

அர்த்தமே கிடையாதான்னு அடுத்த லெட்டர் போடுவீங்க, தெரியும். முத்துமாலையைத் தூக்குக்கயிறா முடிச்சுப் போட்டும் எடுத்திருக்கார். அதுல அர்த்தம் இருக்கு, பளிச்னு இருக்கு, அதனாலயே எனக்கு அது கொஞ்சம் கம்மிதான். பாத்தாச்சு, புரிஞ்சாச்சு, திரும்பிப் பாக்க ஒண்ணும் இல்ல. சாக்கடைத் தட்டை நான் பத்து தடவை பாத்துட்டேன். படங்களுக்கு அவர் தலைப்பும் வைக்கறதில்ல, எல்லாமே தலைப்பில்லாதது. வச்சிருந்தா நாம படத்தை விட்டுட்டு தலைப்பைப் படிச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்போம்.

அவர் சொல்ற ஒரு சின்ன வயசுக் கதை உண்டு. பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க அவங்க சமையல்கட்டுலயே பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பாங்களாம். முதல் நாள் இவர் போனப்போ மேஜையில இடமே இல்ல. அந்தம்மா ஓவன் கதவைத் திறந்து (அவன்னு எழுதினா எவன்னு கேப்பீங்க, அதான் ஓ) கீழ மடிச்சு, ஸ்டூல் போட்டு, இதான் உன் மேஜைன்னு உக்கார வச்சுட்டாங்க. கருகின வாசனை அடிக்கற இருட்டுக்கு முன்னாடி நோட்டை விரிச்சு உக்காந்திருக்கற நாலஞ்சு வயசுப் பையனை நினைச்சுப் பாருங்க. அந்தம்மா எதையும் குறியீடா சொல்லல, இடம் இல்ல, அவ்வளவுதான்.

உங்க நண்பருக்கும் சேத்து இந்த இதழ் ரெண்டு காப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன். அந்த ஆறாவது நம்பரை ஒரு கார்டுல எழுதிப் போடுங்க.