காலி பாட்டிலும் கடைசிச் சொல்லும்: சிரிப்பிதழ் பற்றிக் கேள்வி பதில்

பதினோரு வருடமாக ஒரு சின்ன நகைச்சுவைக் காலாண்டிதழ் நடத்துகிறேன். ஆசிரியர், பிழை திருத்துபவர், உறையில் முகவரி ஒட்டுபவர் எல்லாம் ஒரே ஆள். நகைச்சுவை எழுதுவது, அதற்கு ஒரு இதழ் நடத்துவது இரண்டையும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே பதில்.

கல்லூரி மாணவி: நகைச்சுவை எழுத ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. உங்களுக்கு எங்கிருந்து தோன்றுகிறது?

உட்கார்ந்தால் எனக்கும் தோன்றாது. உட்காருவது ஏற்கெனவே தோன்றியதை எழுத. தோன்றுவதெல்லாம் வரிசையில் நிற்கும்போது, கூட்டத்தில் யாரோ நன்றியுரையை நீட்டும்போது, படிவத்தில் ஒரே பெயரை நாலாவது தடவை நிரப்பும்போது. அதாவது எரிச்சல் வரும்போது. ஒரு வாரத்துக்கு, எரிச்சல் வந்த இடங்களை மட்டும் ஒரு நோட்டில் ஒரு வரி குறித்து வாருங்கள். வேடிக்கையாக எழுத முயலாதீர்கள், குறித்தால் போதும். ஏழாம் நாள் படித்தால் பாதிக்கு மேல் நீங்கள்தான் முட்டாளாகத் தெரிவீர்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது.

இன்னொரு வழி பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணிக் கொடுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் எள்ளலைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேலி சுலபம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். எனக்குப் பிடித்தது நாலாவது. மடன், அதாவது மடம் என்பதற்கு உரைகாரர்கள் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று பொருள் சொல்வார்கள். சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது. நகைச்சுவைப் பாத்திரத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. ‘வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும்’ என்று யாரோ சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்ட ஒருவரை, மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது வழி, பெரிய வடிவத்தில் சின்ன விஷயத்தைப் போடுவது. ஃப்ரிட்ஜில் காலி பாட்டிலை வைத்தது யார்? இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் ‘ஃப்ரிட்ஜில் காலி பாட்டில் வைக்கப்பட்டது குறித்து ஆராய அமைக்கப்பட்ட குழுவின் இடைக்கால அறிக்கை’ என்று தலைப்பு எழுதிப் பாருங்கள். சாட்சியங்கள், முரண்பாடுகள், குழுத் தலைவரே வைத்திருக்கலாம் என்ற சந்தேகம், கால நீட்டிப்புக் கோரிக்கை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரே நிபந்தனை: அறிக்கையின் மொழி கடைசிவரை சிரிக்கக் கூடாது. எழுதுகிறவர் நடுவில் கண்ணடித்தால் போச்சு.

முதல் இதழ் தயாரிப்பவர்: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சிரிப்பிதழ் ஆரம்பிக்கிறோம். எத்தனை பக்கம் வைக்கலாம்? மாத இதழா? ஆண்டுச் சந்தா வாங்கலாமா?

நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், அவ்வளவுதான் கணக்கு. 18 பக்கத்துக்குச் சரக்கு இருந்தால் 16 ஆக வெட்டுங்கள், 20 ஆக ஊதாதீர்கள். வெட்டினால் சரக்கு நன்றாகும், ஊதினால் வாசகருக்குத் தெரிந்துவிடும். அப்படியும் பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம் காலியாக நிற்கும். அதற்குத் துணுக்குகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். அச்சுக்குப் போகும் இரவில் துணுக்கு எழுத உட்கார்ந்தவன் கதையை நான் சொல்ல வேண்டாம், எங்கள் ஐந்தாவது இதழே சொல்லும்.

மாத இதழ் வேண்டவே வேண்டாம். முதல் இதழில் நாலு பேரின் வாழ்நாள் சரக்கு இருக்கும். இரண்டாவதில் ஒரு மாதச் சரக்குதான் இருக்கும். சின்ன இதழ்கள் பெரும்பாலும் அங்கேதான் படுக்கின்றன. இரண்டாவது இதழ் முழுசாகவும் மூன்றாவது பாதியாகவும் கையில் இருக்கும்போது முதல் இதழை வெளியே விடுங்கள்.

ஆண்டுச் சந்தா வாங்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது வருமானம் இல்லை, கடன். முதல் இதழ் நன்றாகப் போனதும் நாங்கள் சந்தோஷமாகச் சந்தா வாங்கினோம். அந்தப் பணம் முழுவதையும் இரண்டாவது இதழின் அட்டையைப் பளபளப்பாக்குவதில் செலவழித்தோம். மூன்றும் நாலும் பாக்கி. கையில் காசில்லை, தலையிலும் ஒன்றுமில்லை. ‘உங்கள் இதழ் வராததே இந்த வருடத்தின் சிறந்த நகைச்சுவை’ என்று ஒரு சந்தாதாரர் கடிதம் போட்டார். அதை நாலாவது இதழில் வெளியிட்டோம், அதுதான் அந்த இதழில் உருப்படியாக இருந்தது. தனி இதழாக விற்றால் ஒரு இதழுக்கு மட்டும்தான் பொறுப்பு.

வரையத் தெரியாதவர்: கார்ட்டூன் ஐடியா நிறைய வருகிறது. எனக்குக் கோடு கூட நேராக வராது.

வரைகிறவரோடு கூட்டு சேருங்கள். ஆனால் ‘இப்படி வரை’ என்று சொல்லாமல், என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். படம் சொல்லிவிட்டதைக் கீழே வரியாகவும் எழுதினால் இரண்டும் கெடும்.

இந்தச் சொல்லின் இன்றைய பொருளே ஒரு கேலியில் பிறந்ததுதான். கார்ட்டூன் என்றால் முதலில் சுவரோவியத்துக்குப் போடும் முழு அளவு முன்வரைவு. 1843 இல் லண்டனில் புதிய பாராளுமன்றக் கட்டடச் சுவர்களுக்கான அந்த முன்வரைவுகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். இரண்டு வருடம் முன்பு தொடங்கியிருந்த ‘பஞ்ச்’ இதழ், அந்தக் கண்காட்சியைக் கந்தல் உடையோடு ஏழைகள் பார்த்து நிற்பதாக ஒரு படம் போட்டு, அதற்கு ‘கார்ட்டூன் எண் 1’ என்று பெயர் வைத்தது. வரைந்தவர் ஜான் லீச். கண்காட்சியை மறந்துவிட்டோம், சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெயர் வேண்டாம் என்றவர்: எழுதுவதற்கு ஐடியா எங்கிருந்து கிடைக்கும்?

மாணவிக்குச் சொன்னது.

வாட்ஸ்அப் சேகரிப்பாளர்: என்னிடம் ஆயிரக்கணக்கில் ஜோக்குகள் இருக்கின்றன. யார் எழுதியது என்று தெரியாது. இதழில் போடலாமா?

யாருடையது என்று தெரியாததாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. போடாதீர்கள். வாசகரும் அதே குழுக்களில்தான் இருக்கிறார்.

விளம்பரம் கேட்பவர்: விளம்பரம் வாங்கினால் சுதந்திரம் போய்விடாதா?

அமெரிக்காவின் ‘மேட்’ இதழ் 1957 முதல் 2001 வரை வெளி விளம்பரமே இல்லாமல் வந்தது. அதனால்தான் விளம்பரங்களையே வாராவாரம் நையாண்டி செய்ய முடிந்தது என்று எழுத வந்தேன். அடித்துவிட்டேன், அது வார இதழ் இல்லை. கை பழக்கதோஷத்தில் எழுதிவிடும், எப்போதும் சரிபாருங்கள். 1970களின் முதல் பாதியில் ஒரு இதழ் இருபது லட்சத்துக்கு மேல் விற்ற காலமும் உண்டு. அந்த விற்பனை இருந்தால் கொள்கையும் இருக்கும். நமக்கு விற்பது சில நூறு. விளம்பரம் வாங்குங்கள். ஆனால் யாரையெல்லாம் கேலி செய்யப்போகிறீர்கள் என்ற பட்டியலை முதலில் போட்டுவிட்டு, அதில் இல்லாதவர்களிடம் வாங்குங்கள். விளம்பரம் கிடைக்கவில்லையே என்று ஆண்டுச் சந்தாவுக்குப் போய்விடாதீர்கள்.

கவலைப்படுபவர்: பெரிய மனிதர்களைக் கேலி செய்தால் வழக்கு வருமா?

வரலாம். வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல. ஒரு கதை மட்டும் சொல்கிறேன். 1831 இல் பிரான்சில் ஷார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர் மேல் அரசரை அவமதித்ததாக வழக்கு. அவர் கோர்ட்டில் நாலு படம் காட்டினார். முதல் படத்தில் அரசர் லூயி ஃபிலிப்பின் முகம், அடுத்தடுத்த படங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நாலாவதில் வெறும் பேரிக்காய். இதில் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது, பேரிக்காய் வரைந்தால் அதுவும் குற்றமா என்று கேட்டார். அபாரமான வாதம். ஆறு மாதம் சிறை.

புதியவர்: சிரிப்பு வர மூன்று ஆச்சரியக்குறி போட வேண்டுமா, ஒன்று போதுமா?

பூஜ்யம்.

சிறுகதை எழுதுபவர்: நான் வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள், அதையே எழுதினால் சிரிப்பதில்லை. ஏன்?

பெரும்பாலும் கடைசிச் சொல் தப்பாக இருக்கும். சிரிப்பு வெடிக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும். தமிழில் கடைசி இடத்தில் வினைச்சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘மாமாவின் சுயசரிதையில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதை மாமிதான் எழுதினார்.’ மாமி வந்த உடனே வெடித்துவிட்டது, ‘எழுதினார்’ என்பது புகை. இப்படித் திருப்புங்கள்: ‘அதை எழுதியது மாமி.’ வெடிக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. என்னிடம் வரும் படைப்புகளில் நான் செய்யும் திருத்தத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, சிரிப்பு வந்த பிறகும் விளக்கத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அடிப்பது. தமிழ் வினைமுற்று நகைச்சுவைக்கு எதிரி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: உங்கள் கடைசி வரியை ஏற்க முடியாது. வினைமுற்றைப் பழிப்பதற்கு முன் அதன் வாலைக் கொஞ்சம் பாருங்கள்.

ஐயா, பார்த்துத்தான் சொல்கிறேன். ‘சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்’ என்று முடியும்போது வாசகர் சிரிக்க வந்ததையே மறந்துவிடுகிறார்.

மேடைப் பேச்சாளர்: குறுக்கிடுகிறேன். பேச்சில் இந்தப் பிரச்சினையே இல்லை. ‘வந்தாரய்யா, உங்க தலைவர்!’ வினை முன்னால் போய்விடுகிறது, ஆள் கடைசியில் வருகிறார். சிறுகதை எழுதுபவர் வாயால் சொல்லும்போது இதைத்தான் செய்திருப்பார்.

நல்ல கவனிப்பு, ஒத்துக்கொள்கிறேன். எழுத்திலும் உரையாடல் மேற்கோளுக்குள் இதைச் செய்யலாம். கதை சொல்லும் குரலிலும் ஓயாமல் செய்தால் மேடை வாசனை வந்துவிடும். அந்த ஆச்சரியக்குறியை மட்டும் உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: நான் சொன்னது அதுவல்ல. தமிழ் வினையின் வாலில் யார், எப்போது, உண்டா இல்லையா எல்லாம் இருக்கின்றன. ‘வ’ வரை படித்தவனுக்கு வருவாரா, வரமாட்டாரா, வந்திருப்பாரா என்று தெரியாது. வாக்கியம் முழுவதையும் கடைசி அசையில் கவிழ்க்க முடியும். நகைச்சுவைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கவிழ்க்க முடியும் என்பது வேறு, சிரிக்க வைப்பது வேறு. உதாரணம் கொடுங்கள். அதற்குள் மற்றவர்களைப் பார்க்கிறேன்.

ஆர்வலர்: ஐடியா எப்படி வருகிறது? கொஞ்சம் விளக்கமாக.

தம்பி, விளக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள். இந்தக் கேள்வியை மறுபடி மறுபடி கேட்கிறவர்களைப் பற்றி எழுதினாலே ஒரு கட்டுரை தேறும் போலிருக்கிறது. பாருங்கள், இப்படித்தான் வருகிறது.

நிராகரிக்கப்பட்டவர்: உங்களுக்கு மூன்று தடவை அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. என் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டார் உங்களையும் சேர்த்துப் படிக்கிறார்கள். உங்கள் மேல் பிரியம் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, அவர் படிக்கும்போது முகத்தைப் பார்க்காமல் வேறு அறையில் இருங்கள். சத்தம் கேட்டால் அனுப்புங்கள். மூன்றாவது கட்டுரை நினைவிருக்கிறது. இரண்டாம் பத்தியிலிருந்து ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் வரும் அறிவுரையை எடுத்துவிட்டு நாலாவது தடவை அனுப்புங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மேடைப் பேச்சாளர்: ஆசிரியர் ஐயா உதாரணம் தரட்டும், நாங்கள் காத்திருக்கிறோம். என் கட்சி இப்போது அவர் பக்கம்.

முதல் இதழ் தயாரிப்பவர்: நானும் அவர் பக்கம்தான். ஒரு சந்தேகம்: ஆண்டுச் சந்தாதானே வேண்டாம் என்றீர்கள், அரையாண்டுச் சந்தா?

அதுவும் கடன்தான், பாதிக் கடன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: இதோ உதாரணம். ‘நான் ஓய்வு பெற்ற நாளன்று, முப்பத்திரண்டு வருடத்து மாணவர்களும் திரண்டு, கண் கலங்க என்னை வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கலாம்.’

…

சரி ஐயா. மேலே ‘எதிரி’ என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இது அடுத்த இதழில் நாலாம் பக்கம், கட்டம் கட்டி. ஒரு எழுத்தையும் தொடமாட்டேன். முகவரியை அனுப்புங்கள், இதழ் வந்ததும் ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம்.