க்யூட் தேர்வு: எந்தப் பேப்பர் எழுதுவது?

வணக்கம் அம்மா. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படும் பொண்ணை க்யூட் தேர்வுக்கு ‘எந்தக் கோச்சிங் சென்டரில் சேர்க்கலாம்’ என்பது உங்கள் கேள்வி. அதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். விண்ணப்பத்தில் பொண்ணு எந்தெந்தப் பேப்பரை டிக் செய்யப் போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்வோம். நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வாக 2022ல் க்யூட் (CUET) வந்தது. நீட் மாதிரி எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. பாடத்துக்கு ஒரு பேப்பர். 2025 விதிப்படி அதிகபட்சம் ஐந்து பேப்பர் எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 50 கேள்வி, 250 மதிப்பெண். பிளஸ் டூவில் படிக்காத பாடத்தைக்கூட எடுக்கலாம் என்று தேர்வு நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) சொல்கிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம், பிளஸ் டூவில் தேறிய பாடத்தில்தான் க்யூட் எழுத வேண்டும் என்கிறது. தேர்வு எழுத அனுமதி உண்டு என்பதால் அந்த மதிப்பெண் செல்லும் என்று ஆகிவிடாது.

உங்கள் பொண்ணு வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் குரூப். அவள் ஆசைப்படும் பி.ஏ. எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்கு டெல்லியில் கணிதப் பேப்பர் கட்டாயம். அவள் கணிதம் படிக்கவில்லை, ஆகவே அது நடக்காது. இப்போதே சொல்லிவிடுங்கள். பி.காம். ஆனர்ஸுக்கு வழி இருக்கிறது: ஒரு மொழி, கணக்குப்பதிவியல், கூடவே இரண்டு பாடம். நம் வணிகவியலுக்கு நேரான பேப்பர் பிசினஸ் ஸ்டடீஸ். அதையும் பொருளியலையும் எடுக்கட்டும். மொழிக்குத் தமிழே இருக்கிறது. ஆனால் ஆங்கிலம்தான் வேண்டும் என்று கேட்கும் படிப்புகளும் உண்டு, அதனால் இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. ஐந்து பேப்பர் ஆயிற்று.

அடுத்து பாடத்திட்டம். கேள்விகள் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி வரும். நம் ஸ்டேட் போர்டு மாணவர்கள் அதைப் பார்த்ததும் மிரண்டு போகிறார்கள், தேவையே இல்லை. கணக்குப்பதிவியலில் கூட்டாண்மை, பங்கு வெளியீடு, விகிதப் பகுப்பாய்வு எல்லாம் அவள் படித்ததுதான். புதிதாக இருப்பவை கடனீட்டுப் பத்திரங்கள், ரொக்க ஓட்ட அறிக்கை, கூட்டாண்மைக் கலைப்பு போன்ற சில. பொருளியலில் நுண்ணினப் பொருளியல் (மைக்ரோ எகனாமிக்ஸ்) பகுதிக்கு 11ஆம் வகுப்புப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசம். இந்த விடுபட்ட பாடங்களைத் தனியாக உட்கார்ந்து முடிக்க முடியவில்லை என்றால் அப்போது டியூஷன் பார்க்கலாம். அதற்கு முன்னால் பெரிய தொகை கட்டாதீர்கள்.

நெகட்டிவ் மார்க் பயத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். சரிக்கு 5, தப்புக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் தப்பு என்று தெரிந்து, மிச்ச இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டால், பத்துக் கேள்வியில் சராசரியாக ஐந்து சரி, ஐந்து தப்பு: 25ல் 5 போக 20 லாபம். பாதி தெரிந்த கேள்வியைக் காலியாக விடுவதுதான் நஷ்டம்.

பிளஸ் டூ மார்க்கை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. டெல்லியில் அது தகுதிக்கும், இருவர் சமமாக வந்தால் முன்பின் பார்ப்பதற்கும் மட்டும்தான். ஆனால் நம் ஊர் அரசுக் கலைக் கல்லூரிகள் பார்ப்பது பிளஸ் டூ மார்க்கை மட்டும்தானே! க்யூட் வேண்டாம் என்று 2022 ஏப்ரலிலேயே நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டெல்லி கிடைக்காவிட்டால் கையில் இருக்கப் போவது அந்த மார்க்தான். நடுவில் திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களும் இதே க்யூட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. அங்குள்ள படிப்புகளையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

க்யூட் விண்ணப்பம் போட்டாலே கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக ஆகாது. டெல்லிக்கு அவர்கள் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும், மற்றவற்றுக்கும் அப்படித்தான். நல்ல மதிப்பெண் எடுத்தும் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் வருஷா வருஷம் வந்து நிற்கிறார்கள்.

அப்புறம் சாதிச் சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு நம் மாநிலச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகங்களில் போதாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்தோர்) அல்லாத ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் சேரும் ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக. நீங்கள் அந்தப் பிரிவு என்றால் ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் மனு போட்டுவிடுங்கள். ஜூனில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.