கண்ணுக்குள் ஊசி என்றால் பயமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாகப் பஸ் பலகை மங்கலாகவும் கதவு நிலை வளைந்தும் தெரிகிறதாம். விழித்திரையில் நீர் கோத்திருப்பதாகச் சொன்ன மருத்துவர் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். இவர் பயந்து வீடு திரும்பிவிட்டார். சொட்டு மருந்திலோ லேசரிலோ குணமாகாதா?

பதில்: சொட்டு மருந்தில் இது குணமாகாது, அம்மா. சர்க்கரையால் பழுதடைந்த நுண் ரத்தக்குழாய்கள் கசிந்து, எழுத்தையும் முகத்தையும் காட்டும் விழித்திரை மையம் வீங்கியிருக்கிறது. லேசர் ஒரு காலத்தில் முதன்மைச் சிகிச்சை. அது பெரும்பாலும் மேலும் பார்வை போகாமல் தடுக்குமே தவிர, போனதை மீட்டுத் தருவது குறைவு. வீக்கம் மையத்திலேயே இருந்து பார்வையும் குறைந்திருந்தால் ஊசிக்கே முதலிடம்.

பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் ஆகிய ஊசி மருந்துகள் கசிவைத் தூண்டும் புரதத்தை அடக்குகின்றன. பார்வை சற்றே குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். எனவே விலை குறைந்த பெவாசிசுமாப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். பார்வை அதிகம் குறைந்தவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் கூடுதல் பலன் தந்திருக்கிறது.

ஊசி நேராகக் கண்ணை நோக்கி வருவதை அவர் பார்க்க வேண்டியிருக்காது. சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து, வேறு பக்கம் பார்க்கச் சொல்லி, வெண்விழி வழியாகச் சில விநாடிகளில் போட்டுவிடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம்.

என் கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மருந்தின் வேகம் சில வாரங்களில் தணிய, நீர் மறுபடியும் கோக்கிறது. தொடக்கத்தில் மாதம் ஒன்று; முதல் ஆண்டில் எட்டு, ஒன்பது ஊசிகூடத் தேவைப்படலாம். பிறகு விழித்திரை வீக்கத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். பலன் போதவில்லை என்றால் சில மாதங்கள் வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தும் உண்டு. ஆனால் அது கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கூட்டக்கூடும்.

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை சிலருக்கு நீர் கோப்பதை அதிகப்படுத்தும். சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி, சிவப்பு, பார்வை மங்கல் கூடினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அரிதுதான், ஆனாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.